முதல் பத்து நாள் தனி டூட்டி வேண்டாம்: மருத்துவக் கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தேசிய மருத்துவ ஆணையத்தின் முதுநிலை மருத்துவக் கல்வி வாரியத்தினருக்கும் தமிழ்நாடு மருத்துவக் கல்வி இயக்கக அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.டி. பொது மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். போன வாரம் எங்கள் துறையில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள். புதிதாகச் சேரும் முதலாண்டு முதுநிலை மாணவர்கள் உரிய முன்தயாரிப்புடன் வர வேண்டும், சிகிச்சையில் ஏற்படும் தாமதத்துக்கு அவர்களே பொறுப்பு என்று அதில் இருந்தது. என்ன முன்தயாரிப்பு, எங்கே செய்வது, யார் சொல்லிக்கொடுப்பது என்று ஒரு வரி இல்லை. அதைப் படித்த பிறகுதான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

அந்தச் சுற்றறிக்கைக்குக் காரணமான இரவைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் யூனிட்டில் ஒரு தம்பி சேர்ந்தார். காலையில் சான்றிதழ் சரிபார்ப்பு, பத்திரம், கையெழுத்து. மதியம் யூனிட் ஒதுக்கினார்கள். அன்று எங்கள் யூனிட்டுக்கு அட்மிஷன் நாள், அதாவது வரும் புது நோயாளிகளை எங்கள் குழுவே பார்த்துச் சேர்க்க வேண்டிய நாள். சாயங்காலம் அவரை மெடிக்கல் கேஷுவாலிட்டியில் (அவசர சிகிச்சைப் பிரிவில்) உட்கார வைத்துவிட்டார்கள். விடுதி அறையின் சாவிகூட இன்னும் கைக்கு வரவில்லை. பெட்டி டூட்டி ரூமில் கிடந்தது. அவருக்குத் துணையாக இருக்க வேண்டிய நான் தீவிர சிகிச்சைப் பிரிவான ஐஎம்சியு-வில் வென்டிலேட்டரில் இருந்த ஒரு நோயாளியை விட்டு நகர முடியாத நிலை.

இரவு பாம்புக்கடி கேஸ் ஒன்று வந்தது. கடலைக்காட்டில் களையெடுத்த அம்மா. கால் வீங்கியிருந்தது, ஈறில் ரத்தம் கசிந்தது. அடித்த பாம்பை வீட்டுக்காரர் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தார். கண்ணாடி விரியன். அதற்கான சிகிச்சை அந்தத் தம்பிக்குத் தெரியும். எம்.டி. சேர எழுதும் நீட் முதுநிலைத் தேர்வில் அதைக் கேட்டிருந்தால் ஒரு நொடி யோசிக்காமல் சரியான விடையைத் தொட்டிருப்பார். இருபது நிமிட ரத்த உறைவுச் சோதனை, முதல் தவணை பத்துக் குப்பி விஷமுறிவு மருந்து. இதெல்லாம் மனப்பாடம்.

ஆனால் அந்தச் சோதனைக்குச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாய்தான் வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் உறைய வேண்டிய ரத்தமும் உறையாமல் நிற்கும். கேஷுவாலிட்டி மேசையில் இருந்தது முழுக்க பிளாஸ்டிக் குழாய். கண்ணாடிக் குழாய் எந்த அலமாரியில் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மருந்து எந்த ஃபிரிட்ஜில் இருக்கிறது, ராத்திரியில் சாவி யாரிடம், மருந்து கேட்டு எழுதும் இண்டென்ட் சீட்டில் யார் கையெழுத்து வேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகத்தில் எழுதியிருக்கிறது? அந்த மருந்து பொடியாக வரும். ஒவ்வொரு குப்பியிலும் தண்ணீர் ஏற்றி, மெதுவாகச் சுழற்றிக் கரைக்க வேண்டும், குலுக்கினால் நுரைத்துவிடும். பத்துக் குப்பி கரைக்க எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது கரைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சுற்றிலும் சொந்தக்காரர்கள் நின்று ‘இன்னும் ஊசி போடலையா’ என்று கத்துகிறார்கள். நடுவில் நெஞ்சுவலி என்று இன்னொருவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வருகிறார்கள்.

மருந்து ஏற ஆரம்பித்துச் சில நிமிடங்களில் அந்த அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடித்து, ரத்த அழுத்தம் இறங்கியது. விஷமுறிவு மருந்துக்கு இப்படி ஒவ்வாமை வருவது அபூர்வம் அல்ல. வந்தால் உடனே தொடையில் அரை மில்லி அட்ரினலின் போட வேண்டும். அதைச் சிரிஞ்சில் ஏற்றித் தயாராகப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் விஷமுறிவு மருந்தையே தொடங்க வேண்டும். தம்பி கேட்காமலேயே அதை ஏற்றி ட்ரேயில் வைத்திருந்தவர் டூட்டியில் இருந்த மூத்த சிஸ்டர். அவர் இருந்ததால் அந்த அம்மா பிழைத்தார், நடந்து வீட்டுக்கும் போய்விட்டார். அன்று அந்த சிஸ்டருக்கு நைட் டூட்டி இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே மனம் வரவில்லை.

மறுநாள் ரவுண்ட்ஸில் எல்லார் முன்னாலும் அந்தத் தம்பியிடம் கேட்ட கேள்வி: “சேர்றதுக்கு முன்னாடி படிச்சுட்டு வரக் கூடாதா?”

ஐயா, அம்மையீர், அவர் படிக்காமல் வரவில்லை. பல வருடம் படித்துவிட்டுத்தான் வந்தார். மூன்றரை மணி நேரத்தில் இருநூறு கேள்விக்கு விடையளித்து, அதில் தேறித்தான் இந்த இடத்தை வாங்கினார். சேரும் முன் வீட்டில் உட்கார்ந்து செய்யக்கூடிய தயாரிப்பு கொஞ்சம் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஈசிஜி வாசிப்பது, ஏபிஜி என்ற ரத்த வாயுச் சோதனைக் கணக்கு, சலைன் வகைகள், இன்சுலின் அளவு, பொட்டாசியம் எவ்வளவு இருந்தால் இன்சுலினை நிறுத்திவைக்க வேண்டும் என்பது போன்றவற்றை மாலை நேரங்களில் திருப்பிப் பார்த்துவிட்டு வந்தால் நல்லது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி முழுதாகப் போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். நன்றாகத் தூங்கட்டும், அம்மா அப்பாவோடு நாலு நாள் இருக்கட்டும். என்னிடம் கேட்கும் ஜூனியர்களுக்கு நான் சொல்வது இதுதான். இதற்கு மேல் ஒரு மாணவர் தன் வீட்டிலிருந்து எதைத் தயாரிக்க முடியும்? வார்டைத் தெரிந்துகொள்ள வார்டுக்குள் வர வேண்டும். வந்த முதல் நாளே பொறுப்பு முழுவதையும் தலையில் ஏற்றிவிட்டு, தயாராக வரவில்லை என்று குற்றம் சொல்வது நியாயமே இல்லை.

பயிற்சி மருத்துவராக ஓராண்டு இருந்தார்களே, அது போதாதா என்று கேட்பீர்கள். அந்த ஓராண்டில் பொது மருத்துவத்துக்கு ஆறு வாரம், கேஷுவாலிட்டிக்கு இரண்டு வாரம். அதிலும் பெரும்பகுதி ரத்தம் எடுப்பதிலும், சாம்பிளை லேபுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதிலும், ஸ்கேனுக்கு ட்ராலி தள்ளுவதிலும் போகிறது. மிச்ச நேரத்தில் நீட் முதுநிலைக்குப் படிக்காவிட்டால் அடுத்த வருடமும் வீட்டில்தான். இந்த நிலை உங்களுக்குத் தெரியாதது அல்ல. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலிருந்து சர்வீஸ் ஒதுக்கீட்டில் வரும் அண்ணன்கள், அக்காக்கள் பாம்புக்கடியை நம்மைவிட நன்றாகவே கையாள்வார்கள். ஆனால் அவர்களில் பலர் வென்டிலேட்டர் பக்கம் போயே வருடக்கணக்கில் ஆகியிருக்கும். அகில இந்திய ஒதுக்கீட்டில் வெளி மாநிலத்திலிருந்து வருபவருக்கு நோயாளி என்ன சொல்கிறார் என்றே முதல் வாரத்தில் புரிவதில்லை. ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு குறை. அதை முதல் அட்மிஷன் நாள் இரவில் நோயாளியின் கட்டிலருகேதான் கண்டுபிடிக்க வேண்டுமா?

எம்.பி.பி.எஸ். சேரும் பிள்ளைகளுக்காக 2019 பாடத்திட்டத்தில் அடித்தளப் பயிற்சி என்று ஒரு மாதமே ஒதுக்கினார்கள், உங்கள் ஆணையத்துக்கு முன் இருந்தவர்கள். எந்த நோயாளிக்கும் பொறுப்பேற்கப்போகாத முதலாண்டு மாணவருக்கு அது தேவை என்று அவர்களுக்குப் பட்டது, நல்ல விஷயம். ஆனால் அன்று ராத்திரியே நாற்பது நோயாளிகளைப் பார்க்கப்போகிறவருக்கு அப்படி ஒரு நாள்கூட கிடைப்பதில்லையே. 2023 முதுநிலை விதிமுறைகளில் இதய உயிர்காப்புப் பயிற்சியைக் கட்டாயமாக்கினீர்கள். அதற்கும் முதல் ஆண்டுக்குள் முடித்தால் போதும் என்று விட்டுவிட்டீர்கள். மாரடைப்பு வந்தவர் அந்தச் சான்றிதழ் வரும்வரை காத்திருப்பாரா?

பிரிட்டனில் புதிய மருத்துவர்கள் எல்லோரும் ஆகஸ்ட் முதல் புதன்கிழமை ஒன்றாகப் பணியில் சேர்வார்கள். அன்று அவசரமாக அனுமதிக்கப்பட்ட நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு, அதற்கு முந்தைய வாரப் புதன்கிழமையைவிட 6 சதவீதம் கூடுதல் என்று 2009-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. 2012-இல் அங்கே ஒரு விதி கொண்டுவந்தார்கள்: பொறுப்பேற்கும் முன் குறைந்தது நான்கு நாள், சம்பளத்துடன், அந்த வேலையில் ஏற்கெனவே இருப்பவரின் கூடவே நடந்து பார்க்க வேண்டும். அதற்குப் புதுக் கட்டடம் எதுவும் தேவைப்படவில்லை.

நாங்கள் கேட்பதும் அவ்வளவுதான். முதல் பத்து நாள் தனி டூட்டி வேண்டாம். அந்தப் பத்து நாளும் முழு உதவித்தொகையுடன் ஒரு மூத்த பிஜியோடு (முதுநிலை மாணவரோடு) வார்டு, கேஷுவாலிட்டி, ஐஎம்சியு என்று கூடவே சுற்றட்டும். உயிர்காப்புப் பயிற்சியை அந்த நாட்களுக்குள்ளேயே முடித்துவிடுங்கள். விஷமுறிவு மருந்து, பூச்சிமருந்து குடித்தவருக்குக் கொடுக்கும் அட்ரோபின், ரத்த வங்கி எங்கே, ராத்திரி இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை அந்தந்த மருத்துவமனை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுக்கட்டும்.

இறப்புச் சான்றிதழ் எழுதவும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். இறப்புக்குக் காரணம் என்ற இடத்தில் ‘இதயமும் மூச்சும் நின்றது’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறோம். எல்லாச் சாவிலும் அதுதானே நடக்கிறது, அது எப்படிக் காரணம் ஆகும்? அப்புறம், இறந்த செய்தியைச் சொல்வது. முப்பது வயதுக்காரர் போய்விட்டார் என்று அவர் மனைவியிடம் சொல்லும் வேலையை, அதை ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவரிடம் விடாதீர்கள். அது அந்தப் பெண்ணுக்கும் கொடுமை, சொல்பவருக்கும் கொடுமை.

ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள். எல்லோரும் ஒரே நாளில் சேர்வதில்லை. கலந்தாய்வின் ஒவ்வொரு சுற்றிலும் ஆள் வருகிறார்கள், ஸ்ட்ரே என்ற கடைசிச் சுற்றில் வருபவர் மாதங்கள் கழித்து வருகிறார். அதற்குள் முதலில் சேர்ந்தவர் வேறு இடம் கிடைத்துப் போயிருப்பார். ‘போகிறவருக்கு எதற்குப் பயிற்சி’ என்று இதையே காரணமாகச் சொல்வார்கள். அவர் எங்கே போனாலும் ஒரு நோயாளியைத்தான் பார்க்கப்போகிறார். எனவே எந்தச் சுற்றில் வந்தாலும், யாராக இருந்தாலும், முதல் பத்து நாள் தனி டூட்டி வேண்டாம்.

இந்த இடத்தில் மனதில் உள்ளதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்களைத் தயாராக வரச் சொல்லும் அமைப்பு எங்களுக்காக எப்போது தயாராக இருந்திருக்கிறது? 2021 நீட் முதுநிலைத் தேர்வு செப்டம்பருக்குத் தள்ளிப்போனது, கலந்தாய்வு 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. அதுவரை புதிய ஜூனியர்கள் இல்லாமல் நாடு முழுக்க வார்டுகளை இழுத்துக்கொண்டு போனார்கள் எங்களுக்கு முன் இருந்தவர்கள். 2024-இல் தேர்வுக்கு முந்தைய நாள் இரவு, வெளியூர்களில் ரூம் எடுத்துத் தங்கிய பிறகு, தேர்வு ஒத்திவைப்பு என்று அறிவித்தார்கள். வாரத்துக்கு 48 மணி நேரம்தான் டூட்டி என்று 1992 முதல் காகிதத்தில் இருக்கிறது. உங்கள் ஆணையம் அமைத்த பணிக்குழுவே 2024-இல் 74 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரைத்தது. பதிலளித்த முதுநிலை மாணவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானவர்கள் தங்களுக்குத் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. முதல் வார இரவுகளுக்கு அதில் பங்கு உண்டு என்பதை டூட்டி ரூமில் அழுதவர்களைப் பார்த்த நான் அறிவேன்.

மன்னிக்கவும், கோபம் எங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. கோரிக்கைக்கே வருகிறேன்.

ஆள் பற்றாக்குறை, பத்து நாள் யார் டூட்டி பார்ப்பது என்று துறைத் தலைவர்கள் உங்களிடம் சொல்வார்கள். அந்தப் பத்து நாளும் கூடுதல் இரவுகள் எங்கள் தலையில்தான் விழும் என்று தெரிந்துதான் கேட்கிறோம். எங்கள் யூனிட்டில் இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு பிஜிக்கள் பேசிவிட்டோம்; அதைப் பிரித்துக்கொள்ளத் தயார். ஆனால் நாங்களாகவே டூட்டிப் பட்டியலை மாற்ற முடியாது. கல்லூரி முதல்வருக்கு உத்தரவு உங்களிடமிருந்துதான் வர வேண்டும். அடுத்த கலந்தாய்வின் முதல் சுற்று முடிவதற்குள் அதை அனுப்பிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பொது மருத்துவம் இரண்டாம் ஆண்டு முதுநிலை மாணவி