மலையோரப் பிள்ளைங்க பாட்டு முகாமுக்கு ஒரு ஆர்மோனியம் வேணும்

எல்லாருக்கும் இயேசுவின் நாமத்துல அன்பின் வாழ்த்துகள். கன்னியாகுமரி ஜில்லாவுல குலசேகரம், பேச்சிப்பாறை சுத்துவட்டார ஊர்ப் பிள்ளைங்களுக்கு மே மாச லீவுல நாங்க நடத்துற பாட்டு, கலை முகாமுக்கு இது மூணாவது வருஷம். மே 5 முதல் 14 வரைக்கும் பத்து நாள். அதுக்குத்தான் உங்க கிட்ட உதவி கேட்டு எழுதுறோம்.

வாற பிள்ளைங்க பாதிப்பேருக்கு அப்பா ரப்பர் தோட்டத்துல பால்வெட்டு, அம்மாவுக்கு அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரிப் பருப்பு பேக்டரியில, வேலை. விடியக்கால இருட்டுலயே ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவாங்க, லீவு நாளுன்னா பிள்ளைங்க வீட்டுல தனியாத்தான் இருக்கும். நாகர்கோவில், மார்த்தாண்டம்னா பாட்டு கிளாஸ் இருக்கு, கீபோர்டு கிளாஸ் இருக்கு, பெரிய கோயில்கள்ல பாடகர் குழு இருக்கு, பயிற்சி குடுக்க ஆள் இருக்கு. இங்கருந்து அங்க போய் வரவே பாதி நாள் ஆயிரும், பீஸு வேற. ஆனா குரல் இருக்கே, அத ஆண்டவர் இந்தப் பிள்ளைங்களுக்குக் கொஞ்சமும் குறைச்சு வைக்கல, முகாமுக்கு வந்து பத்து நிமிஷம் கேட்டீங்கன்னா நீங்களே சொல்லுவீங்க.

மொத வருஷம் கீபோர்டு வாடகைக்கு எடுத்தோம். மே மாசம் மலையோரத்துல மதியம் மூணு மணி ஆனா இடி மழைதான், உடனே கரண்டு போயிரும், கீபோர்டு அதோட சரி, ஹாலுக்கு மேல தகர ஷீட்டு வேற, மழை அடிச்ச அடியில சுதி இல்லாம பிள்ளைங்க ஆளுக்கு ஒரு பக்கமா பாடிக்கிட்டு இருந்தாங்க. அதனால போன வருஷம் ஒரு பழைய ஆர்மோனியம் இரவல் வாங்கினோம். துருத்தி கிழிஞ்ச இடத்துல சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டியிருந்தது. நடுவுல ஒரு கட்டையை அமுக்குனா மேல ஏறி வராது, அந்தச் சத்தம் மட்டும் கூவிக்கிட்டே கெடக்கும், அதனால ஆறாம் கிளாஸ் படிக்கிற ஒரு பிள்ளை பக்கத்துலயே உக்காந்து ஒவ்வொரு தடவையும் அந்தக் கட்டையை விரலால தூக்கி விட்டுக்கிட்டே பாடுனா, பத்து நாளும், ஒரு நாள் கூட சலிக்கல. இந்த வருஷம் அந்தப் பிள்ளை வாசிக்கவே படிக்கணும்னு எங்களுக்கு ஆசை, நல்ல ஆர்மோனியம் ஒண்ணு சொந்தமா வாங்கணும்னு நாங்க நிக்கிறது அதுக்குத்தான்.

அடுத்தது வில்லுப்பாட்டு. நம்ம ஜில்லாவோட சொத்து அது. வில்லு, குடம், உடுக்கு, தாளம், கட்டைன்னு ஒரு செட்டு முழுசா வேணும். போன வருஷம் பைபிள்ல வாற கெட்ட குமாரன் கதைய வில்லுல பாடுனாங்க, குடம் மட்டும் சுங்கான்கடையில வாங்கினோம், மத்ததெல்லாம் இரவல். கத்துக் குடுக்க வாற ஆசானுக்கு வயசு எழுவது தாண்டியாச்சு, காசு தந்தா வாங்கமாட்டாரு, ஒரு வேட்டியும் நேரியலும் குடுத்தா போதும்ம்பாரு. குடம் அடிக்கிற பையன், பானை வாயில தட்டுற மட்டை இருக்கே, பத்தின்னு சொல்லுவோம், அத ஓங்கி ஓங்கி அடிச்சான், "மக்களே, அடிக்காத, பானை வாயில வச்சி எடு, உள்ள இருக்க காத்து தானா பேசும்"னு சொல்லி அவன் கையைப் பிடிச்சி ஆசான் ஒரு தடவ செஞ்சு காட்டுனாரு. அதுக்குப் பொறவு வந்த சத்தமே வேற. இந்த மாதிரி ஆசான்மாரு இன்னும் எத்தன வருஷம் நமக்குக் கெடைப்பாங்கன்னு நெனச்சாலே பதறுது.

இந்த வருஷத்துக் கதை புனித தேவசகாயம். நட்டாலத்துல 1712-ல பிறந்த நீலகண்ட பிள்ளை, 1745-ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம் எடுத்து, 1752 ஜனவரி 14-ஆம் தேதி காற்றாடிமலையில சுடப்பட்டு உயிர விட்டவரு, 2022 மே 15-ல புனிதர் பட்டம் குடுத்தாங்க. நம்ம மண்ணுல நடந்த கதை, ஆனா எங்க பிள்ளைங்கள்ல நிறைய பேரு அந்த மலைய பாத்ததே இல்ல. ஒரு நாள் வேன் வச்சி அந்த மலை இருக்க ஆரல்வாய்மொழிக்குக் கூட்டிட்டுப் போய், தட்டுனா மணி மாதிரி கேக்குற மணியடிச்சான் பாறைய தட்டி அந்தச் சத்தத்த கேக்க வைக்கணும், அதுக்குப் பொறவு பாடுனா பாட்டு எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க! சிஎஸ்ஐ, ஆர்சி, சால்வேஷன் ஆர்மின்னு எல்லா சபைப் பிள்ளைங்களும் வாறாங்க, எந்த சபைன்னு நாங்க கேக்குறதில்ல.

கம்பு தட்டி ஆடுற களியல் ஆட்டமும் உண்டு, பனையோலை முடையிறது, படம் வரையிறதும் உண்டு.

இப்ப கணக்கு. 70 பிள்ளைங்க, காலைல பலகாரம், மத்தியானம் சாப்பாடுன்னு பத்து நாளைக்கு 42,000 ரூபா. ஆர்மோனியம் 18,000. வில்லுப்பாட்டு செட்டு 9,000. வேன் 10,000. பெயிண்டு, சார்ட் பேப்பர், ஓலை எல்லாம் சேத்து 6,000. மொத்தம் 85,000. கமிட்டிக்காரங்க நாங்க போட்டதும் ஊர்ல பிரிச்சதுமா 31,000 கையில இருக்கு, மீதி 54,000 வேணும். சொல்லிக் குடுக்குறவங்க, சமைக்கிறவங்க யாரும் சம்பளம் வாங்குறதில்ல.

வெளிநாட்டுல இருக்க நம்ம ஊர்ப் பிள்ளைங்க ஒரு நாள் சாப்பாடு 4,200 ரூபாய ஏத்துக்கிட்டா பெரிய உதவி, ஆனா நூறு ரூபா தந்தாலும் ரசீது உண்டு, தயங்காதீங்க. பணம் முடியாதவங்க அரிசி, பயறு, தேங்கா, மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) எதுவா இருந்தாலும் தரலாம், போன வருஷம் ஒரு அம்மா தலச்சுமையா ஒரு சாக்கு மரச்சீனி கொண்டு வந்து எறக்கி வச்சாங்க, ரெண்டு நாள் காலைப் பலகாரம் அதுலதான் ஓடுச்சு. வீட்டுல சும்மா கெடக்குற நல்ல ஆர்மோனியம் இருந்து அத தர மனசிருந்தா அதுவே போதும், 18,000-த்த அப்படியே சாப்பாட்டுக்குத் திருப்பிருவோம்.

ஏப்ரல் 25-க்குள்ள கமிட்டி பொருளாளர் கிட்ட சேத்துருங்க, சாமான் வாங்க ஒரு வாரமாவது வேணும். வரவு செலவு முழுசும் முகாம் முடிஞ்ச மறு ஞாயித்துக்கிழம ஹால் செவுத்துல எழுதி ஒட்டுவோம். 14-ஆம் தேதி சாயந்தரம் ஆறு மணிக்குப் பிள்ளைங்க வில்லுப்பாட்டு, குடும்பமா வந்து முன்னால உக்காந்து கேளுங்க, வரும்போது மறக்காம குடை எடுத்துக்கோங்க.