கன்ட்ரி என்று கொடுத்த பாடல்களை வேர்ல்டு ஆக்கியது தொடர்பாக – நான்காவது புகார்

ஐயா / அம்மா,

வணக்கம். தமிழிலும் எழுதலாம் என்று உங்கள் உதவிப் பக்கத்தில் போட்டிருக்கிறீர்கள். ஆங்கிலத்தில் மூன்று முறை எழுதியாகிவிட்டது. மூன்றையும் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டீர்கள். என்ன தீர்ந்தது என்று தெரியவில்லை, என் பொறுமையைத் தவிர.

என் மகள் பாடிய நான்கு பாட்டுகளை, பாட்டுகளை இணையத் தளங்களில் வெளியிட்டுத் தரும் உங்கள் கம்பெனி வழியாகத்தான் வெளியிட்டோம். அக்கவுண்ட் என் பெயரில் இருக்கிறது, கார்டும் என்னுடையது, நான்கு வருடமாகச் சந்தா பிடித்துக்கொண்டு இருக்கிறீர்கள். பிரைமரி ஜானர், அதாவது முதன்மை இசை வகை, என்ற கட்டத்தில் அவள் 'கன்ட்ரி' (அமெரிக்கத் தெற்கத்திக் கிராமிய பாணி) என்றும் அடுத்ததில் 'ஃபோக்' (நாட்டுப்புறம்) என்றும் தேர்ந்தெடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வெள்ளிக்கிழமை பாட்டு வெளியானபோது 'வேர்ல்டு', அதாவது மேற்கத்திய வகைகளில் சேராத பிற நாட்டு இசை, என்று வந்தது. இரண்டாவது கட்டம் காலி. ரிவியூவில் யார் கை வைத்தார்கள், எதற்காக என்பதெல்லாம் உங்கள் சிஸ்டத்தில் பதிவாகியிருக்கும். எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

நான்கு பாட்டும் ஆங்கிலம். பாஞ்சோ, பெடல் ஸ்டீல், ஃபிடில் என்று எல்லாமே கன்ட்ரி வாத்தியங்கள். ஒன்று ஐ-40 நெடுஞ்சாலையைப் பற்றியது, இன்னொன்றில் ஓட்டை பிக்கப் வண்டி ஒன்று வருகிறது. தபேலா இல்லை, ராகம் இல்லை, ஒரு தமிழ்ச் சொல் இல்லை. (ஒரு வரியாவது தமிழில் பாடு என்று நான் கெஞ்சியதும் நடக்கவில்லை. அது எங்கள் வீட்டு விவகாரம்.) அப்புறம் மிஞ்சுவது அட்டைப் படமும் பெயரும்தான். படத்தில் அவள் ஜிமிக்கி போட்டிருக்கிறாள். அதைப் பார்த்தா முடிவு செய்தீர்கள்?

இதைத்தான் உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசிய அந்த ஆளிடம் கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், அழைப்புப் பதிவை எடுத்துக் கேளுங்கள்: "மேடம், கன்ட்ரி கேட்கிறவங்க உங்க பொண்ணு பேரைப் பார்த்தா ஸ்கிப் பண்ணிடுவாங்க. உங்க நல்லதுக்குத்தான் மாத்தியிருக்காங்க." அதற்கு முன்னால், ஜானர் என்பது வெறும் ஒலியைப் பொறுத்தது என்று அவரே எனக்குப் பாடம் நடத்தியிருந்தார். ஒலியைப் பொறுத்தது என்றால் பெயர் எங்கிருந்து வந்தது? கேட்டேன். ஹோல்டில் போட்டார். இருபது நிமிடம். நான் காத்திருந்தேன், லைனைத் துண்டித்துவிட்டார்.

ஒலியாம்! உங்கள் தொழிலின் கதை உங்களுக்குத் தெரியாதா என்ன? 1920-ல் கறுப்பினப் பாடகி மேமி ஸ்மித்தின் 'கிரேஸி புளூஸ்' விற்றுத் தள்ளியதும், கறுப்பர்களுக்கென்றே 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' (இனத் தட்டுகள்) என்று தனி வரிசை போட்டார்கள். கொலம்பியா ரெக்கார்டு கம்பெனியில் கறுப்பர் பாடினால் தட்டின் நம்பர் 14000 வரிசையில், தெற்கத்தி வெள்ளையர் பாடினால் 15000 வரிசையில். ஃபிடிலும் கிட்டாரும் இரண்டு பக்கமும்தான் ஒலித்தன. 1930 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸில் வெள்ளையரான ஜிம்மி ராட்ஜர்ஸ் பாட, கறுப்பரான லூயி ஆம்ஸ்ட்ராங் டிரம்பெட் வாசிக்க, லில் ஆம்ஸ்ட்ராங் பியானோ வாசிக்க ஒரு பாட்டு பதிவானது. கன்ட்ரியின் தகப்பன் என்று சொல்லப்படுகிறவரும் ஜாஸின் பெரிய பெயரும் ஒரே அறையில்! அது கன்ட்ரி பக்கம் போனது. லேபிளில் ஆம்ஸ்ட்ராங் பெயரே இல்லை. உங்கள் ஆள் அதையும் ஒலியைக் கேட்டுத்தான் பிரித்தார்கள் என்பாரா?

'ரேஸ்' என்ற சொல் அசிங்கமாகப் பட்டதும் பில்போர்டு பத்திரிகை 1949-ல் தன் கறுப்பர் பாட்டுத் தரவரிசைப் பட்டியலின் பெயரை 'ரிதம் அண்ட் புளூஸ்' (சுருக்கமாக ஆர் அண்ட் பி) என்று மாற்றியது. 1969-ல் 'சோல்', 1982-ல் 'பிளாக்', 1990-ல் மறுபடி ஆர் அண்ட் பி. பலகையைத்தான் மாற்றி மாற்றி எழுதினார்கள், கடை அதேதான். 2019-ல் கறுப்பினப் பாடகர் லில் நாஸ் எக்ஸின் 'ஓல்ட் டவுன் ரோடு' பாட்டைக் கன்ட்ரி பட்டியலிலிருந்து எடுத்தபோதும் இன்றைய கன்ட்ரிக்குரிய அம்சங்கள் போதவில்லை என்றுதான் காரணம் சொன்னார்கள். அந்தப் பாட்டு எல்லா வகைக்கும் பொதுவான பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது.

கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் போன கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். "நேரில் வாருங்கள், ஆர்ட்டிஸ்ட் உதவி முகாம் நடத்துகிறோம், பத்து மணிக்கு" என்று நீங்கள்தானே மெயில் போட்டீர்கள்? எங்கள் ஊரான நாக்ஸ்வில்லிலிருந்து 180 மைல், இரண்டும் டென்னசி மாநிலம்தான், ஆனால் நாஷ்வில் கடிகாரம் எங்களுடையதைவிட ஒரு மணி நேரம் பின்னால். விடிகாலை ஆறரைக்குக் கிளம்பினோம். எந்த நேரப்படி பத்து மணி என்று மெயிலில் இல்லை. எங்கள் நேரத்துக்கே போய், உங்கள் பத்து மணி வரும்வரை பார்க்கிங்கில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஒரு மடக்கு மேஜை, ஒரு கியூஆர் கோட் அட்டை, ஒரு பையன். அட்டையை ஸ்கேன் செய்தால் நான் வீட்டிலேயே மூன்று தடவை நிரப்பிய அதே ஃபாரம். பையன் திரையைப் பார்த்தான், என் மகளைப் பார்த்தான், திரும்பவும் திரையைப் பார்த்தான். "இதுக்காகவா இந்தியாவிலிருந்து வந்தீங்க?" என்றான். "நாக்ஸ்வில்லிலிருந்து" என்றாள். அவள் பிறந்ததே அங்கேதான். ஜானர் டீம் வேறு, நாங்கள் மார்க்கெட்டிங் என்று ஒரு பேனாவைக் கையில் கொடுத்து அனுப்பினான். பேனா எழுதவில்லை.

வந்ததற்கு ஏதாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று கன்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் என்ற அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே டிஃபோர்டு பெய்லியின் வெண்கலப் பலகை முன்னால் அவள் வெகுநேரம் நின்றாள். கிராண்ட் ஓல் ஆப்ரி என்ற நாஷ்வில் கன்ட்ரி வானொலி நிகழ்ச்சியின் ஆரம்ப கால நட்சத்திரம், ஹார்மோனிகாவில் ரயிலையே ஓட்டிக் காட்டியவர், கறுப்பர். 1941-ல் வெளியே அனுப்பினார்கள். அதே ஊரில் ஷூ பாலிஷ் கடை வைத்துப் பிழைத்தார். பலகை வைத்தது 2005-ல், அவர் போய்ச் சேர்ந்து 23 வருடம் கழித்து. வீடு திரும்பும் வழியெல்லாம் இவள் வாயே திறக்கவில்லை.

நஷ்டத்துக்கு வருகிறேன். 'வேர்ல்டு' என்று இருந்ததால் எந்தக் கன்ட்ரி பிளேலிஸ்ட் எடிட்டர் கண்ணிலும் இது படவில்லை. முதல் வாரம் போனால் போனதுதான், உங்களுக்குத் தெரியாததா? லட்சம் பேராவது கேட்டிருப்பார்கள். மூன்று வருட உழைப்பு மண்ணோடு மண்ணாகிவிட்டது. அந்த 'வேர்ல்டு' என்ற சொல்லே 1987-ல் லண்டனில் ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் ஒரு பப்பில் கூடி, கடையில் எங்கே வைப்பது என்று தெரியாத தட்டுகளுக்குத் தேர்ந்த விற்பனைப் பெயர். கிராமி விருதுக்காரர்களே 2020-ல் அதைக் கைவிட்டு 'குளோபல்' என்று மாற்றிக்கொண்டார்கள். உங்கள் பட்டியலில் இன்னும் இருக்கிறது.

மரியாதையாகவே கேட்கிறேன். நான்கு பாட்டையும் கன்ட்ரிக்கு மாற்றுங்கள். யார் மாற்றினார்கள், என்ன காரணம் என்று எழுத்தில் கொடுங்கள். இந்த வருடச் சந்தாவைத் திருப்பிக் கொடுங்கள். பதினான்கு நாளுக்குள் பதில் வராவிட்டால் டென்னசி அட்டார்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவுக்கு இதே கடிதம் போகும், ஆங்கிலத்தில். கார்டு கம்பெனியிலும் பணத்தைத் திரும்பக் கேட்பேன். உங்கள் கம்பெனி மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் ஒன்றுமில்லை. முதல் மூன்று வருடம் நன்றாகவே இருந்தீர்கள். ஆனால் அந்தத் தொலைபேசி ஆள் மன்னிப்புக் கேட்க வேண்டும், என்னிடம் இல்லை, அவளிடம்.

அடுத்த பாட்டு தயாராக இருக்கிறது. இந்தத் தடவை படம் வைக்காமல், பெயரையும் சுருக்கிப் போட்டு அனுப்பிப் பார்க்கட்டுமா என்று நேற்று ராத்திரி கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் ஜானர் டீமைக் கேட்டு, என்ன சொல்லலாம் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
நாக்ஸ்வில் வாடிக்கையாளர்
(டிக்கெட் எண்கள் மூன்றும் உங்களிடம் இருக்கின்றன)