ஆறு குட்டித் தூக்கம் போதுமா? மகளுக்கு அப்பா எழுதுவது

தூத்துக்குடி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய அட்டவணையை அச்செடுத்து அம்மாவிடம் கொடுத்தேன். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 20 நிமிடம், ஒரு நாளில் ஆறு தடவை, ஆக மொத்தம் இரண்டு மணி நேரத் தூக்கம். அவள் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதென்ன, கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிற கணக்கா?" என்று கேட்டாள். 'ஊபர்மேன்' முறை என்று பெயராம் என்றேன். பெயரைக் கேட்டு அவள் மசியவில்லை.

போனில் பேசினால் நீ இடையிலேயே வாதம் தொடங்கிவிடுவாய். அதனால்தான் கடிதம். முழுவதும் படித்துவிட்டு அப்புறம் சண்டைக்கு வா.

அலுவலகம் முடிந்து வந்து மெயின்ஸ் தேர்வுக்குப் படிக்க நேரம் போதவில்லை என்கிறாய். நியாயமான புலம்பல். அதற்காக, எட்டு மணி நேரமும் ஒரே மூச்சாகக் கட்டிலில் கிடந்தால்தான் தூக்கம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. கடலில் இருந்த காலத்தில் பெரும்பகுதி நான் தூங்கியதே இரண்டு தவணையாகத்தான்.

சரக்குக் கப்பலைச் செலுத்தும் அறையான பிரிட்ஜில் நாள் மூன்று வாட்சாக, அதாவது காவல் முறையாகப் பிரியும். மேட் என்றால் கேப்டனுக்குக் கீழே உள்ள அதிகாரி. 8–12 தேர்டு மேட்டுக்கு, 4–8 சீஃப் மேட்டுக்கு, 12–4 செகண்ட் மேட்டுக்கு. பகலில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை. நான் செகண்ட் மேட். விடியற்காலை நாலு மணிக்கு வாட்சை ஒப்படைத்து, லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கேபினுக்குள் வர நாலரை ஆகிவிடும். போர்ட்ஹோல் என்கிற கேபின் ஜன்னல் கண்ணாடிக்கு அளவாக அட்டை வெட்டிப் பொருத்தி, ஓரமெல்லாம் டேப் ஒட்டியிருப்பேன். விடிந்த பிறகும் உள்ளே கும்மிருட்டு. கடல் ஆடினால் மெத்தையின் வெளி ஓரத்துக்கு அடியில் லைஃப் ஜாக்கெட்டைச் செருகுவோம். மெத்தை சுவர்ப்பக்கமாகச் சரிந்து ஒரு பள்ளம் விழும். அதில் முதுகைக் கொடுத்துப் படுத்தால் கப்பல் எப்படிப் புரண்டாலும் நாம் உருள மாட்டோம். பத்து மணி வரை ஒரு தூக்கம். பகல் வாட்ச் முடிந்து, மற்ற வேலைகளும் சாப்பாடும் ஆன பிறகு, இரவு எட்டிலிருந்து பதினொன்றரை வரை இன்னொரு தூக்கம். கூட்டிப் பார், எட்டு மணி நேரத்துக்குக் குறையாது.

அந்த வாழ்க்கை எனக்குப் பிடித்தும் இருந்தது. நள்ளிரவில் கேப்டன் தூங்குவார், போன் அடிக்காது, ரேடாரின் மங்கிய வெளிச்சமும் லுக்-அவுட் நிற்கிறவனும்தான் துணை. கெடுதலும் உண்டு. காலைச் சாப்பாடு என்பதே கிடையாது. கிழக்கு நோக்கிப் போகும்போது கடிகாரத்தை முன்னே தள்ளுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தை மூன்று வாட்சுக்கும் 20 நிமிடமாகப் பங்கு போட்டாலும், பசிபிக்கைத் தாண்டி முடிப்பதற்குள் வயிறு ஒரு ஊரிலும் கண் இன்னொரு ஊரிலும் இருக்கும். துறைமுகத்துக்குள் நுழைந்துவிட்டாலோ ஒழுங்கு மொத்தமும் போய்விடும். சரக்கு ஏற்றி இறக்கும் நாட்களில் ஆறு மணி நேரம் வேலை, ஆறு மணி நேரம் ஓய்வு. கணக்குப்படி பன்னிரண்டு மணி நேரம் ஓய்வுதான். ஆனால் அந்த ஆறில் குளியல், சாப்பாடு, காகித வேலை எல்லாம் போக மிஞ்சுவது நாலரை. இந்த 6–6 முறையை ஐரோப்பாவில் 'ஹொரைசன்' என்ற ஆய்வுத் திட்டத்தில் சிமுலேட்டரில் வைத்துப் பார்த்தார்கள். 2012-ல் முடிவு வந்தது: வாட்சில் இருந்தபடியே சிலர் தூங்கியிருக்கிறார்கள். எங்களில் யாருக்கும் அது செய்தியாகப் படவில்லை.

இப்போது உன் அட்டவணைக்கு வருகிறேன். கடல் தொழிலாளர் உடன்படிக்கை என்று 2006-ல் ஒன்று செய்தார்கள். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம், ஏழு நாளில் குறைந்தது 77 மணி நேரம் ஓய்வு. அதை இரண்டு துண்டாகப் பிரிக்கலாம், இரண்டுக்கு மேல் கூடாது, அதில் ஒன்று ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். ஒரு மணி நேரத் தாமதத்துக்கும் கணக்குக் கேட்கிற கப்பல் முதலாளிகளும் உட்கார்ந்து பேசி ஒப்புக்கொண்ட கணக்கு இது. ஆறு துண்டாக வெட்டிக்கொள்ள அவர்கள் துணியவில்லை.

ஏன் என்பதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 1989 மார்ச் 24, நள்ளிரவு தாண்டிய சில நிமிடங்களில், அலாஸ்காவில் 'எக்ஸான் வால்டீஸ்' டேங்கர் பாறைத்திட்டில் ஏறி, ஏறக்குறைய 1.1 கோடி கேலன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. கேப்டன் குடித்திருந்தார் என்ற பேச்சு மட்டும்தான் ஊருக்கு நினைவிருக்கிறது. விசாரணை நடத்திய அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் எழுதியதில் இன்னொன்றும் இருந்தது: அப்போது கப்பலைச் செலுத்திய தேர்டு மேட்டின் களைப்பும் அளவுக்கு மீறிய வேலையும். பிற்பாடு பிரிட்ஜில் ஒரு அலாரம் வைக்க வேண்டும் என்று சர்வதேச விதியே வந்தது. 3 முதல் 12 நிமிடத்துக்குள் ஒருமுறை பொத்தானை அமுக்காவிட்டால் அது கத்தும். நின்றபடியே மனிதன் கண்ணயர்வான் என்று உலகம் ஒப்புக்கொண்டு செய்த ஏற்பாடு. நித்திரை சுகம் அறியாது என்று உன் ஆச்சி சொல்வாளே, அது இரும்புத் தரையையும் சேர்த்துத்தான்.

"முதல் பத்து நாள்தான் கஷ்டம், உடம்பு பழகிவிடும்" என்று எழுதியிருக்கிறாய். இந்த ஒரு வரிதான் என்னைக் கடிதம் எழுத வைத்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வொன்று 2003-ல் வெளியானது. ஆரோக்கியமானவர்களைப் பிரித்து 14 நாள் தொடர்ந்து, சிலருக்கு நாலு மணி நேரம், சிலருக்கு ஆறு, சிலருக்கு எட்டு என்று படுக்கை நேரம் கொடுத்தார்கள். ஆறு மணி நேரக்காரர்களின் கவனமும் நாளுக்கு நாள் சரிந்து, கடைசியில் இரவு முழுக்கத் தூங்காதவனின் நிலைக்குப் போய்விட்டது. வினோதம் என்னவென்றால், "தூக்கம் வருகிறதா?" என்று அவர்களைக் கேட்டபோது அந்த உணர்வு சில நாளில் ஏறி, பிறகு பெரிதாக ஏறவில்லை. திறமை இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஆளுக்கு மட்டும் பழகிவிட்டது போலத் தோன்றுகிறது. ஆகவே பதினோராம் நாள் நீ எனக்குப் போன் செய்து "அப்பா, நன்றாக இருக்கிறேன்" என்று சொன்னால் அதை நான் சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது, பாப்பா.

இருபது நிமிடத்தில் என்ன கிடைக்கும் என்பதையும் பார். தூக்கம் ஒரு சுற்று முடிய ஏறக்குறைய 90 நிமிடம் ஆகும். ஆழ்ந்த உறக்கம் இரவின் முதல் பாதியில் கூடுதல், கனவுத் தூக்கம் பின்பாதியில் கூடுதல். படித்தது மனதில் தங்குவதற்கு இரண்டுமே வேண்டும். 20 நிமிடத்தில் எழுகிறவளுக்கு ஆழ்ந்த உறக்கத்தின் வாசற்படிதான் கண்ணில் படும். தூக்கம் பறிபோன உடம்பு சில சமயம் படுத்த உடனே கனவுக்குள் போகும். அதைத்தான் இந்த முறைக்காரர்கள் "மூளை கற்றுக்கொண்டுவிட்டது" என்று கொண்டாடுகிறார்கள். பசித்தவன் வேகமாகச் சாப்பிடுவதைத் திறமை என்பார்களா என்ன?

டாவின்சி இப்படித்தான் தூங்கினார் என்கிறாய். அவர் காலத்து ஆதாரம் ஒன்றுகூடக் கிடையாது. பக்மின்ஸ்டர் ஃபுல்லர் என்ற அமெரிக்க வடிவமைப்பாளரின் கதை மெய். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அரை மணி நேரம் என்று நாளுக்கு இரண்டே மணி நேரம் இரண்டு வருடம் தூங்கியதாக அவரே சொன்னார். 1943-ல் 'டைம்' பத்திரிகை அதை எழுதியது. ஏன் விட்டார் தெரியுமா? கூட வேலை செய்தவர்கள் மற்ற மனிதர்களைப் போலத்தான் தூங்குவோம் என்று பிடிவாதம் பிடித்தார்களாம். தனியாகப் பாய்மரப் படகில் பெருங்கடலைத் தாண்டுகிறவர்களை கிளாடியோ ஸ்டாம்பி என்ற இத்தாலிய ஆய்வாளர் ஆராய்ந்தார். அவர்கள் கோழித்தூக்கமாகத் தூங்கிச் சமாளிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தப் படகில் வேறு ஆள் இல்லை. முழுத் தூக்கம் போட்டால் மோதிச் சாக வேண்டும். உன் அறைக்குள் எந்தக் கப்பலும் வரப்போவதில்லை. அமெரிக்காவின் நேஷனல் ஸ்லீப் ஃபவுண்டேஷன் அமைத்த நிபுணர் குழு 2021-ல் இருக்கிற ஆய்வுகளையெல்லாம் கூட்டிப் பார்த்தது. இத்தகைய பல்துண்டுத் தூக்கத்தால் நன்மை என்பதற்குச் சான்று இல்லை, உடலுக்கும் மனதுக்கும் வேலைக்கும் கேடுதான் தெரிகிறது என்றது.

முன்னோர்கள் இரவில் இரண்டு தூக்கம் தூங்கினார்கள் என்ற உன் வாதம் இதைவிடப் பரவாயில்லை. ரோஜர் எகிர்ச் என்ற வரலாற்றாசிரியர் ஐரோப்பாவின் பழைய நாட்குறிப்புகளிலும் நீதிமன்றப் பதிவுகளிலும் 'முதல் தூக்கம்', 'இரண்டாம் தூக்கம்' என்று வருவதைத் திரட்டி 2001-ல் எழுதினார். தாமஸ் வேர் என்ற மனநல மருத்துவர், தினமும் 14 மணி நேரம் இருட்டில் ஆட்களை வைத்தபோது அவர்கள் தூக்கமும் இரண்டாகப் பிரிந்தது. மறுபக்கம், தான்சானியாவின் ஹட்ஸா, நமீபியாவின் சான், பொலிவியாவின் சிமானே மக்களை 2015-ல் ஆராய்ந்தபோது, மின்சார விளக்கு இல்லாத அவர்களும் இரவில் பெரும்பாலும் ஒரே தூக்கமாகத்தான் தூங்கினார்கள். எனவே இயற்கையே விதித்த அட்டவணை என்று ஒன்றை ஒருவரும் காட்ட முடியாது. நீண்ட குளிர்கால இரவு உள்ள ஊரில் இரண்டாகப் பிரிந்தது. நமக்கு அவ்வளவு நீண்ட இரவே கிடையாதே. நம் ஊரில் பிரிவது பகலால். உப்பளத்துக்குப் போகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து விடியுமுன்பே கிளம்பி, மதியம் வீடு திரும்பிப் படுப்பதை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். அதையும் அலங்கரிக்க வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே மதிய வெயிலில் படுப்பது பாதித் தூக்கம்தான்.

குட்டித் தூக்கத்தின் மேல் எனக்குக் கோபமே இல்லை. நாசா, நெடுந்தூர விமானிகளைப் பறக்கும்போதே முறைபோட்டுத் தூங்கவிட்டுச் சோதித்தது. சராசரி 26 நிமிடம் தூங்கினார்கள். செயல்திறன் 34 சதவீதமும் விழிப்பு 54 சதவீதமும் கூடியது. இரவுத் தூக்கத்தோடு சேர்ந்தால் அது வரவு. இரவுத் தூக்கத்தைப் பறித்துக்கொண்டு அதை மட்டும் கொடுத்தால் அதற்குப் பெயர் வேறு.

ஆகவே என் யோசனை. இரவு பத்துக்குப் படு, நாலுக்கு எழு. நாலிலிருந்து ஏழரை வரை உனக்கே உனக்கு மூன்றரை மணி நேரம். மாலை அலுவலகம் விட்டு வந்ததும் முகம் கழுவி, ஆறரைக்குள் படுத்து ஒன்றரை மணி நேரம். பிறகு சாப்பாடு, அன்றைக்குப் படித்ததை ஒருமுறை புரட்டுதல். மொத்தம் ஏழரை. மாலையில் படுத்தால் இரவு தூக்கம் வரவில்லை என்றால், மாலைத் தூக்கத்தை விட்டுவிட்டு, மதியம் 20 நிமிடமும் இரவு ஒன்பது மணிப் படுக்கையுமாக மாற்றிக்கொள். மதியத்துக்குப் பிறகு காபி வேண்டாம். குடித்ததில் பாதி கழியவே ஐந்து மணி நேரம் போல ஆகும். ஞாயிற்றுக்கிழமையும் இதே நேரம்தான். தோழிகளோடு இரவுக் காட்சிக்குப் போக முடியாது, ஒன்பது மணிக்கு மேல் வரும் குழுச் செய்திகளுக்குப் பதில் போட முடியாது. இந்த முறைக்கு அதுதான் விலை. என்னிடம் கேட்டால் சின்ன விலையும் இல்லை.

மெயின்ஸ் காலை ஒன்பது மணிக்குத் தொடங்கி மூன்று மணி நேரம், மதியம் இன்னொரு மூன்று மணி நேரம். அதற்கு முன்பே உள்ளே போய் உட்கார வேண்டும். உன் ஆறு துண்டு அட்டவணையில் ஒன்றாவது அதற்குள் வந்து விழும். கண்காணிப்பாளரிடம் 20 நிமிடம் கேட்பாயா?

இவ்வளவுக்குப் பிறகும் செய்துதான் பார்ப்பேன் என்றால், வளர்ந்த பெண், உன் இஷ்டம். ஆனால் விடுப்பு எடுத்துக்கொண்டு செய். அந்த நாட்களில் ஸ்கூட்டரைத் தொடாதே. போனில் விளக்கு எரிந்ததும் தட்டுகிற எதிர்வினைச் சோதனைகள் இருக்கின்றன. இன்றைக்கே ஒன்றைச் செய்து எண்ணைக் குறித்து வை, பிறகு தினமும் அதே நேரத்தில் செய்து எனக்கு எண்ணை மட்டும் அனுப்பு. எப்படி இருக்கிறது என்று நான் கேட்க மாட்டேன்.

உன் அறை ஜன்னலின் நீள அகலத்தை இன்ச் கணக்கில் எழுது, நாலு பக்கமும் இரண்டு இன்ச் கூட்டியே எழுது. தெருவிளக்கு நேரே அடிக்கிறது என்றாயே, கனமான கறுப்புத் துணி எடுத்து இங்கேயே தைத்து அனுப்புகிறேன். அதே பார்சலில் அம்மா மக்ரூன் வைக்கிறாள். அலுவலகத்துக்கு எடுத்துப்போனால் உனக்கு ஒன்றும் மிஞ்சாது என்று சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா