மேகம் விட்டால்தான் வண்டி

கோரோக்கா, பப்புவா நியூ கினி மலைநாடு,
செவ்வாய் மதியம்

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நான் நலம். உங்கள் முட்டி வலி எப்படி இருக்கிறது? போன் பண்ணும்போதெல்லாம் "மறுபடியும் பிளைட்டா?" என்று அம்மா பதறுகிறாள். "துரை பறந்துகொண்டே இருக்கிறார்" என்று பின்னால் நீங்கள் சொன்னதும் காதில் விழுந்தது. இன்றைக்கு எனக்கு நேரம் கிடக்கிறது, விவரமாகவே எழுதுகிறேன்.

அப்பா, பப்புவா நியூ கினியில் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலிருந்து 'லே' என்ற அடுத்த பெரிய ஊருக்குப் போக ரோடே கிடையாது. நடுவில் ஓவன் ஸ்டான்லி மலைத்தொடர் குறுக்கே படுத்திருக்கிறது. பிளைட்டில் ஏறினால் முக்கால் மணி நேரம். எங்கள் கடைகள் லேயிலும் இந்த மலைநாட்டிலும் இருப்பதால், மாதம் இரண்டு தடவையாவது கணக்குப் பார்க்க வந்தாக வேண்டும். முப்பது வருஷம் நீங்கள் பை மாட்டிக்கொண்டு போய்வந்த சங்கரன்கோவில் – திருநெல்வேலி ரூட்தான் இது, டயர் மட்டும் தரையில் இல்லை.

இந்த நாடு சுதந்திரம் வாங்கியது 1975-ல். ஏர் நியூகினி ஆரம்பித்தது 1973-ல். நாட்டுக்கு இரண்டு வயது மூத்த கம்பெனி! கொடியில் உள்ள சொர்க்கப் பறவையே விமானத்தின் வாலிலும் இருக்கும். இங்கே எல்லோரும் பேசுகிற டோக் பிசின் மொழியில் விமானத்துக்கு 'பாலுஸ்' என்று பெயர். புறாவுக்கும் அதே சொல்தான். ஏர்போர்ட், 'பிளெஸ் பாலுஸ்'.

மலைநாட்டில் நிறையப் பேர் வண்டிச் சக்கரத்தைப் பார்ப்பதற்கு முன்பே விமானத்தைப் பார்த்துவிட்டவர்கள். 1930-களில் புலோலோ தங்க வயலுக்கு மண் தோண்டும் ராட்சத இயந்திரங்களைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஜங்கர்ஸ் விமானங்களில் ஏற்றி மலைக்கு மேல் கொண்டுபோய்ப் பூட்டியிருக்கிறார்கள். லாரி போகாத இடத்துக்கு இரும்பு பறந்து போயிருக்கிறது. உங்கள் டிரைவர் மாமாவிடம் சொல்லுங்கள், நம்பமாட்டார்.

ஏறுகிற ஜனமும் நம் பஸ் ஜனம்தான். கையால் பின்னிய 'பிலும்' பையை நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டிருப்பார்கள். சில சமயம் உள்ளே குழந்தை தூங்கும். மலையில் குளிர் என்பதால் முட்டைக்கோஸும் பிராக்கோலியும் நன்றாக விளையும். போன மாதம் பக்கத்து சீட்டுப் பாட்டி மோர்ஸ்பி வரைக்கும் ஒரு பிராக்கோலியை மடியில் வைத்துப் பிடித்திருந்தாள், பேரனைப் பிடித்த மாதிரி. பாக்கு மலையில் காய்க்காது, கீழே கடற்கரைப் பக்கமிருந்துதான் ஏறி வர வேண்டும். 'புவாய்' என்பார்கள். வெற்றிலைக்குப் பதிலாக அந்த இனக் கொடியின் காயைச் சுண்ணாம்பில் தொட்டு மெல்லுகிறார்கள். ஆச்சி இங்கே வந்திருந்தால் ஒரு வாரத்தில் மொழியே கற்றிருப்பாள்.

இன்னும் உள்ளே, கிராமங்களுக்குப் போகிற குட்டி விமானங்களில் பெட்டியோடு ஆளையும் தராசில் நிறுத்துவார்கள். நான் ஏறி நின்றபோது அந்தப் பையன் முள்ளையும் என்னையும் இரண்டு தடவை பார்த்தான். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

அடிக்கடி பறப்பவன் என்று பாயிண்ட் கார்டு ஒன்றும் வைத்திருக்கிறேன். ஓசி டிக்கெட் எடுத்து எங்கே போவது, லேக்கா? சிங்கப்பூர் வழியாக ஊருக்கு வரத்தான் சேர்த்துவைக்கிறேன். போன தடவை திரும்பும்போது நடுவில் ஏறிய வேறொரு கம்பெனி, பெயர் வேண்டாம், என் பெட்டியை மூன்று நாள் கழித்துத் தந்தது. அம்மாவின் எலுமிச்சை ஊறுகாய் சட்டைகளில் பரவியிருந்தது. மணம் இன்னும் போகவில்லை, எனக்கும் போக்க மனமில்லை.

நேரம் எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். இங்கே காலையில் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். மதியம் ஆனால் மலை இடுக்கில் மேகம் ஏறிவிடும், ஓடுபாதை தெரியாது. அப்போது இறங்காமல் திரும்பிப் போகிறவர்தான் நல்ல பைலட். பிரேக் பிடிக்காத வண்டியை எடுக்கமாட்டேன் என்று ஒருநாள் டெப்போவில் உட்கார்ந்துவிட்டீர்களே, அதே கதை. பதினொரு மணி வண்டிக்காக நான் உட்கார்ந்திருக்கிறேன், இப்போது மணி மூன்று. தலைக்கு மேல் என்ஜின் சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்து நின்றோம். இரண்டு தடவை சுற்றிவிட்டு, சத்தம் மோர்ஸ்பி பக்கமே போய்விட்டது.

யாரும் சண்டை போடவில்லை. எனக்குப் பக்கத்தில் இருந்தவர் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார். நாளைக் காலை முதல் வண்டியாம். நான் லாட்ஜுக்குத் திரும்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் மகன்