செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு நான்கு முறை கூடியது. பொங்கல் விழா வழக்கம்போல் நடந்தது. மாணவர் கட்டுரைப் போட்டிக்கான பரிசுகளைப் பொருளாளர் வழங்கினார்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு நாம் சேர்ந்து போய்ச் சுற்றிப் பார்த்துவரும் நடையைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். "பொம்மை பார்க்கப் போவதற்கு ஒரு சங்கமா?" என்று சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் கேட்டார். பதில் சொல்ல அன்று எனக்கு நேரம் தரப்படவில்லை.

நம் பாட்டிமார் அந்த இடத்தைச் 'செத்த காலேஜ்' என்றார்கள்; விலங்குக் காட்சிசாலையை 'உயிர் காலேஜ்' என்றார்கள். 1851இல் அருங்காட்சியகம் தொடங்கப்பட்டது செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில். 'காலேஜ்' அங்கிருந்துதான் ஒட்டிக்கொண்டது என்பது என் எண்ணம். 1854இல், இப்போது இருக்கும் பாந்தியன் வளாகத்துக்கு இடம் மாறியது. மறு ஆண்டே, முதல் பொறுப்பாளரான மருத்துவர் எட்வர்டு பால்ஃபர் தோட்டத்திலேயே உயிருள்ள விலங்குகளை வைத்துக் காட்டினார். அந்தக் காட்சிசாலைதான் பிறகு சென்ட்ரல் அருகே இருந்த பீப்பிள்ஸ் பார்க் என்ற பூங்காவுக்குப் போய், 1985இல் வண்டலூரில் நிலைகொண்டது. இன்று மர நிழலில் நாம் டிபன் டப்பாவைத் திறக்கும் வளாகத்தில் ஒரு காலத்தில் புலி உறுமியது என்று சொன்னபோது, கூட வந்த சிறுவர்கள் அந்த இடத்தைவிட்டு நகர மறுத்தார்கள்.

செப்புத் திருமேனிக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன் அரை மணி நேரம் நின்றோம். வலப்பக்கம் இரண்டு கைகள், இடப்பக்கம் ஒரே கை. இதை முதலில் கண்டு சொன்னவள் ஏழாம் வகுப்பு மாணவி. இருபது ஆண்டுகளாக அங்கே போய்வரும் நான் எண்ணிப் பார்த்ததில்லை. மண்ணிலிருந்து எடுத்த திருமேனிகளைப் பச்சைக் களிம்பு அரித்துக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்க 1930இல் அங்கே பணியில் சேர்ந்தவர் வேதியியலர் எஸ். பரமசிவன். மின்பகுப்பு முறையில் களிம்பை நீக்கி அவர் காப்பாற்றிக் கொடுத்தவற்றை நாம் இன்று பார்க்கிறோம். இந்தப் பெயரை நம் பாடப்புத்தகங்கள் சொல்லாதது எனக்கு வருத்தம்.

கன்னிமாரா நூலகம் அதே வளாகத்தில் 1896 டிசம்பர் 5 அன்று திறக்கப்பட்டது. 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி அங்கே சேர வேண்டும். நம் உறுப்பினர் ஒருவரின் தந்தை அறுபதுகளில் ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். வீட்டில் இருந்த ஒரே பிரதியும் 2015 வெள்ளத்தில் போய்விட்டது. ஆகஸ்ட் மாத நடையின்போது நூலகப் பட்டியலில் தேடினோம், கிடைத்தது. முதல் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். சென்ற ஆண்டுக் கேள்விக்கு என் பதில் இதுதான்.

பதினோரு நடைகளில் ஒன்றுக்குக்கூடப் பத்துப் பேருக்கு மேல் வரவில்லை. ஜூலையில் நானும் தலைவரும் மட்டுமே சென்றோம். செயற்குழுவினரில் மூவர் ஒருமுறையும் வரவில்லை. உடல்நலமில்லாதவர்களைச் சொல்லவில்லை. அன்று காலை தொலைபேசியில் "கண்டிப்பாக வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வராமல் போனவர்களைத்தான் சொல்கிறேன். வாயிலில் வெயிலில் காத்து நின்றவன் நான்.

சந்தா நிலவரமும் இதே போலத்தான். பாதிப் பேருக்கு மேல் பாக்கி. சிலருக்கு இது மூன்றாம் ஆண்டு. வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. சிறு பற்றாக்குறையைச் செயற்குழுவினர் சிலர் ஏற்றுக்கொண்டார்கள். விவரம் தணிக்கையாளர் பார்த்த பின் சுற்றுக்கு வரும்.

தலைவர், பொருளாளர், கூட்டத்துக்கு மாடியைத் தந்த உறுப்பினர், அருங்காட்சியக, நூலக ஊழியர்கள் அனைவருக்கும் நன்றி.

நடைகளில் எழுதிய குறிப்புகள் நான்கு நோட்டுப் புத்தகங்களாகச் சேர்ந்திருக்கின்றன. மாணவர்களுக்கான சிறு தமிழ்க் கையேடாக அவற்றை அச்சிட விரும்புகிறேன். சந்தா பாக்கி முழுதும் வந்தால் அச்சுக்கூலிக்குப் போதும். அடுத்த ஆண்டும் இந்தப் பொறுப்பில் நானே தொடர வேண்டும் என்பதில்லை. கையேட்டை முடித்துத் தருகிறேன் என்று யார் முன்வந்தாலும் நோட்டுகளை அன்றே ஒப்படைப்பேன். அடுத்த நடை, வரும் இரண்டாம் ஞாயிறு காலை 10 மணிக்கு, பாந்தியன் சாலை வாயிலில். ரசீதுப் புத்தகம் என்னிடம் இருக்கும்.

இவண்,
செயலாளர்