ஜன்னல் சீட் அண்ணனுக்கு நன்றி

போன வெள்ளிக்கிழமை ராத்திரி சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு வந்த விமானத்தில் ஜன்னலோரம் இருந்த அண்ணே, உங்க பேரைக் கேட்கக்கூட மறந்துட்டேன்.

வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கலை. நான், மூணரை வயசுப் பையன், பதினோரு மாசப் பாப்பா. 2 வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்குத் தனி சீட் வாங்கலைன்னா மடிதான். என் பெல்ட்டோட அவளுக்கொரு குட்டி பெல்ட்டைக் கோத்து, 4 மணி நேரம். சாப்பாட்டுத் தட்டு வந்த நேரம் பார்த்து பையன் "அம்மா, உச்சா"ன்னான். அந்தக் கழிவறைக்குள்ள ரெண்டு பேர் நின்னாலே முழங்கை இடிக்கும்.

"பாப்பாவ இப்படிக் குடும்மா. நானும் ரெண்டு புள்ள பெத்தவன்தான்"னீங்க. திரும்பி வந்தா உங்க போர்டிங் பாஸ்ல பாதி அவ வாயில! நீங்க சிரிச்சுக்கிட்டே மீதியைப் பத்திரப்படுத்திட்டு இருந்தீங்க.

பால் கலக்கப் போனப்போ தடுத்தீங்களே, அதுக்குத்தான் பெரிய நன்றி. "இப்ப வேணாம்மா, இறங்கறப்பக் குடு. முழுங்கிட்டே இருந்தா காது அடைக்காது." அப்படியே செஞ்சேன். பாப்பா அழவே இல்லை. முன் வரிசைக் குழந்தை கதறின கதறல் இன்னும் காதுல இருக்கு.

ரெண்டு வருஷம் கழிச்சு ஊருக்கு வர்றவர், திருச்சி வெளிச்சம் தெரிஞ்சதும் ஜன்னலை என் பையனுக்கு விட்டுக்கொடுத்தீங்க. பெட்டி வந்ததும் ட்ராலியில ஏத்திவச்சுட்டு, நான் திரும்பறதுக்குள்ள காணோம்.

பாப்பாவோட மஞ்சள் சாக்ஸ் ஒண்ணு உங்க சட்டைப்பையில இருக்கும் அண்ணே. அவதான் திணிச்சா.