ரவுட்டரை அணைக்கும் முன் ஒரு நிமிஷம்

கும்பகோணம்

அன்புள்ள சிதம்பரம்,

உன் கடிதத்தில் பாதி பேத்தியைப் பற்றி, மீதிப் பாதி வைஃபையைப் பற்றி. பேத்தி பாதிக்குக் கமலா தனியாகப் பதில் எழுதுகிறாளாம். எனக்கு வந்து சேர்ந்தது மற்ற பாதி.

ராத்திரி ஆனால் நெட் போய்ப் போய் வருகிறது, அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது, அதனால் ஒரு டைமர் பிளக் வாங்கி அதிகாலை நாலு மணிக்குத் தானாக அணைந்து எரியும்படி வைத்துவிட்டேன், அப்படியும் தொல்லை தீரவில்லை, ஆறு ஆன்டெனா வைத்த பெட்டியாகப் பார்த்து வாங்கலாம் என்றிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். பெட்டி வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடு.

அணைத்துப் போட்டால் சரியாகத்தான் ஆகும். வம்பே அங்கேதான். அப்படிச் செய்யும்போது ரவுட்டருக்குள் பல காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. நிரம்பிய நினைவகம் காலியாகிறது. கம்பெனியோடு இணைப்பைப் புதிதாகப் போட்டுக்கொள்கிறது. அக்கம்பக்கத்து வைஃபைகளை ஒரு தரம் கேட்டுப் பார்த்து வேறு சேனலுக்கு மாறினாலும் மாறும். கொஞ்சம் சூடும் தணிகிறது. இதில் எது உன் கோளாறைத் தீர்த்தது என்று எப்படிச் சொல்வாய்? போதாக்குறைக்கு, நாம் வாங்கும் விலையில் கிடைக்கும் பெட்டிகளில் பல, உள்ளே எழுதிவைக்கும் பதிவுகளை மின்சாரம் இருக்கும்வரைதான் வைத்திருக்கும். சுவிட்சைத் தட்டியதும் அதுவும் அழிந்துவிடும். உன் டைமர் தினமும் அந்த வேலையைத்தான் ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது.

அடுத்த தடவை போகும்போது சுவிட்சைத் தொடாதே. முதலில் பெட்டியின் விளக்குகளைப் பார். லாஸ் (LOS) என்று போட்டிருக்கும் விளக்கு சிவப்பாக மின்னினால் ஃபைபரில் ஒளி வரவில்லை என்று அர்த்தம். வீட்டுக்குள் எந்த செட்டிங்கை மாற்றியும் பயனில்லை. சிவப்பு இல்லையா, லேப்டாப்பைத் திறந்து 192.168.1.1-க்கு பிங் கொடு, அதாவது ஒரு சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வருகிறதா என்று கேட்கும் கட்டளை. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் வேறு எண் இருந்தால் அதைப் போடு. அது உன் ரவுட்டரின் சொந்த முகவரி. அங்கிருந்தே பதில் விட்டு விட்டு வந்தால் கோளாறு உனக்கும் ரவுட்டருக்கும் நடுவில், அதாவது வைஃபையில். அங்கே ஒழுங்காக வந்து, வெளியே கூகுள் வைத்திருக்கும் 8.8.8.8 என்ற முகவரிக்கு வரவில்லையென்றால் ரவுட்டரைத் தாண்டி வெளியே. இரண்டுக்கும் பதில் வருகிறது, ஆனால் பெயர் அடித்தால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றிக் கொடுக்கும் டிஎன்எஸ்ஸைப் பார்க்க வேண்டும். அப்புறம் பிரௌசரில் ரவுட்டரின் அந்த முகவரியை அடித்து அதன் பக்கத்துக்குள் போய், ஸ்டேட்டஸில் அப்டைம், அதாவது கடைசியாக எரிந்ததிலிருந்து எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று பார். யாரும் கைவைக்காத பெட்டி, காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் பெட்டி, அப்டைம் பத்து நிமிஷம் என்று காட்டினால் அது நெட் போனதே இல்லை. ரவுட்டரே செத்துப் பிழைத்திருக்கிறது.

எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். சாயங்காலம் பிள்ளைகள் வந்து, டிவியும் ஓட ஆரம்பித்ததும், இரண்டு மூன்று நிமிஷம் எல்லாம் நின்றுபோகும், தானாக வந்துவிடும். கம்பெனிப் பையன் வந்து ஃபைபர் முனையைத் துடைத்து, மீட்டர் வைத்துப் பார்த்து, "லெவல் சூப்பரா இருக்கு சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னது பொய்யில்லை. லைனில் ஒன்றும் இல்லை. அப்டைமைப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு அடாப்டர் மேல் சந்தேகம் வந்தது.

நாம் பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருஷம் மூர் மார்க்கெட் பக்கம் பேரம் பேசி வாங்கிய முள் மீட்டர் ஞாபகம் இருக்கிறதா? இன்னும் வேலை செய்கிறது. அடாப்டரைக் கழற்றி முனையில் வைத்தால் 12 வோல்ட், முள் அசையவே இல்லை. நல்ல அடாப்டர் என்று சொல்லிக் கீழே வைத்துவிடலாம். ஆனால் சுமை இல்லாமல் அளந்த வோல்ட்டை எதற்கு நம்புவது? மெக்கானிக் கடையில் பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்று வாங்கினேன், 12 வோல்ட், 10 வாட். அது ஏறக்குறைய 0.8 ஆம்பியர் இழுக்கும். அடாப்டர் மேல் 1.5 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறான், ஆகவே இது அதற்கு ஒரு பொருட்டாகவே இருக்கக் கூடாது. பல்பை மாட்டியதும் முள் 10-க்குக் கீழே இறங்கி நடுங்க ஆரம்பித்தது. பல்பும் மங்கி மங்கி எரிந்தது. காதை அருகில் கொண்டுபோனால் கீச்சென்று ஒரு மெல்லிய சத்தம்.

பிளக்கிலிருந்து எடுத்து ஒரு நாள் ஆறப்போட்டுவிட்டு, மூடியை நெம்பித் திறந்து பார்த்தேன். (நீ திறக்காதே. 230 வோல்ட் பக்கத்துக் கெப்பாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜைப் பிடித்துவைத்திருக்கும்.) வெளியேற்றும் பக்கம் இருந்த கெப்பாசிட்டரின் தலை உப்பி, ஓரத்தில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. உள்ளே இருக்கிற திரவம் சூட்டில் உலர்ந்துபோவதுதான் காரணம். இந்த வகைக் கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் வழக்கமாகப் போடும் கணக்கு. எங்கள் அடாப்டர் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால், செட்டாப் பாக்ஸுக்கும் சுவருக்கும் நடுவில், இரவும் பகலும் மாட்டியபடியே கிடந்தது. சாயங்காலம் மட்டும் ஏன் என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் இழுக்கும்போது ரவுட்டரின் ரேடியோ அதிகமாக வேலை செய்கிறது, கரண்ட் கூடுதலாகக் கேட்கிறது, செத்த கெப்பாசிட்டரால் கொடுக்க முடியவில்லை, வோல்ட் சரிகிறது, ரவுட்டர் விழுந்து எழுகிறது.

12 வோல்ட் 2 ஆம்பியரில் ஒரு நல்ல அடாப்டர் வாங்கி மாட்டினேன். நீயும் வாங்க வேண்டி வந்தால் கவனம்: ஆம்பியர் அதிகமாக இருந்தால் பரவாயில்லை, தேவையானதைத்தான் ரவுட்டர் எடுத்துக்கொள்ளும். வோல்ட் அச்சாக அதே இருக்க வேண்டும். பின்னின் நடுப்பகுதி பாசிட்டிவா என்பதை இரண்டு சீட்டிலும் ஒப்பிட்டுப் பார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை.

இதிலே சுவாரஸ்யமான ஒன்று. ஃபைபர் பெட்டிக்கு மின்சாரம் போகும்போது, அணையப்போகிற அந்தக் கண நேரத்தில், எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு செய்தி அனுப்பிவிட்டுத்தான் அணையும். தொழிலில் அதற்கு டையிங் கேஸ்ப் என்று பெயர், கடைசி மூச்சு. இழை அறுந்திருந்தால் அதை அனுப்ப வழியில்லை. ஆகவே உன் வீட்டில் கரண்ட் போனதா, கேபிள் அறுந்ததா என்று அங்கே உட்கார்ந்தபடியே அவர்களால் சொல்ல முடியும். ஆனால் கஸ்டமர் கேரில் நாம் சொல்லி முடிப்பதற்குள் "ரவுட்டரை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்" என்றுதான் வரும். அடுத்த முறை நீயே கேட்டுப் பார்: போன சமயத்தில் பவர் ஃபெயில் என்று பதிவாகியிருக்கிறதா, சிக்னல் லாஸ் என்று பதிவாகியிருக்கிறதா? கொஞ்சம் விஷயம் தெரிந்தவர் எடுத்தால் பதில் கிடைக்கும்.

எதிர்வீட்டு வாத்தியார் கதை வேறு. மழை பெய்தால் நெட் போகும் என்று சத்தியம் செய்வார். ஃபைபருக்குள் போவது ஒளி, அதற்கு மழை ஒரு பொருட்டில்லை என்று நான் சொன்னால் சிரிப்பார். ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனபோதுதான் பார்த்தேன்: கேபிளை ஜன்னல் சந்து வழியாக உள்ளே விட்டிருக்கிறார்கள். மழை வந்தால் அந்த அம்மா ஜன்னலைச் சாத்துகிறார். கதவு கேபிளை நசுக்கி மடக்குகிறது. வளைவு கூர்மையானால் ஒளி இழையை விட்டு வெளியே கசிந்துவிடும். அவர் பெட்டிக்குள் போய் ஆப்டிகல் பவரை, அதாவது வந்து சேரும் ஒளியின் அளவை டெசிபல் கணக்கில் பார்த்தோம். ஜன்னல் திறந்திருந்தால் மைனஸ் 21, சாத்தினால் மைனஸ் 28-க்கும் கீழே. பெரும்பாலான பெட்டிகளுக்கு மைனஸ் 27 வரைதான் தாங்கும். 3 டெசிபல் குறைந்தாலே ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. சட்டத்தில் சின்னதாக ஒரு துளை போட்டுக் கேபிளைத் தளர்வாக விட்டதோடு மழைக்கும் நெட்டுக்கும் இருந்த உறவு அறுந்தது. வாத்தியார் மட்டும் இன்னும் மழையைத்தான் சொல்கிறார்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நீ சொன்னதை வைத்துப் பார்த்தால் உனக்கு அடாப்டர் கோளாறு இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஹாலில் நன்றாக இருக்கிறது, படுக்கையறையில் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது, அதுவும் ராத்திரியில். உன் ஃபோனில் எத்தனை வைஃபை பெயர்கள் தெரிகின்றன என்று எண்ணிப் பார். மேடவாக்கம் மாதிரி இடத்தில், அந்த உயரக் கட்டடத்தில், மேலும் கீழும் பக்கவாட்டிலும் இருக்கிற எல்லாருடைய பெட்டியும் தெரியும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நம் நாட்டில் 13 சேனல் இருப்பதாகப் பட்டியல் காட்டும். ஆனால் ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. வைஃபைக்கு வேண்டியது 20. ஆகவே ஒன்றோடொன்று இடிக்காதவை என்றால் 1, 6, 11 என்ற மூன்றுதான். "3 காலியாக இருக்கிறதே" என்று அங்கே போய் உட்காருகிறவர்கள்தான் எல்லாருக்கும் தொல்லை. ஒரே சேனலில் இருக்கும் இரண்டு பெட்டிகள் ஒன்றின் பேச்சை மற்றது கேட்டு, முடியும்வரை காத்திருந்து பேசும். மெதுவாகும், ஆனால் ஒழுங்கு இருக்கும். 1-க்கும் 3-க்கும் அந்தப் புரிதல் கிடையாது; ஆடி மாசத்தில் இரண்டு தெரு அம்மன் கோயில் குழாய்களும் ஒரே நேரத்தில் பாடுகிற மாதிரி.

ஆட்டோ என்று விட்டுவிடாதே. கூட்டம் குறைந்த ஒன்றைப் பார்த்து 1, 6, 11-இல் நிறுத்து, அகலத்தை 20 என்றே வை. 40 என்று வைத்தால் வேகம் கூடும் என்பது தனி வீட்டுக்குப் பொருந்தும், உனக்கில்லை. ஹாலில் இருக்கும் டிவியையும் மருமகன் லேப்டாப்பையும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்று. அது சுவரை அவ்வளவாகத் துளைக்காது. அதனாலேயே பக்கத்து வீட்டுக்காரர் சிக்னலும் உன்னிடம் குறைவாகத்தான் வரும். சேனல் 36-லிருந்து 48-க்குள் வைத்துக்கொள். 52-இல் தொடங்கும் சேனல்களில் ரேடார் சமிக்ஞை கேட்டால் ரவுட்டர் உடனே இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்பது விதி. காரணமே தெரியாமல் அறுந்து அறுந்து வரும்.

பெட்டி எங்கே இருக்கிறது? வாசல் பக்கம், செருப்பு ஸ்டாண்டுக்கு மேல், பக்கத்தில் ஸ்டீல் பீரோ என்று போன வருஷம் வந்தபோது பார்த்த ஞாபகம். படுக்கையறைக்கும் அதற்கும் நடுவில் பீரோ நின்றால் ஆறு ஆன்டெனா என்ன, அறுபது இருந்தாலும் ஒன்றுதான். மருமகன் ரவுட்டரில் ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் செருகி வைத்திருந்தாரே, அதையும் எடுத்துப் பார். யூஎஸ்பி 3.0 வயரிலிருந்து வரும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸிலேயே விழுகிறது என்று இன்டெல் நிறுவனமே 2012-இல் அறிக்கை எழுதியிருக்கிறது. சமையலறை மைக்ரோவேவும் ஏறக்குறைய 2.45-இல்தான் ஓடுகிறது. ராத்திரிச் சாப்பாட்டைச் சூடு பண்ணுகிற நேரத்தோடு நெட் போகிற நேரத்தை ஒப்பிட்டுப் பார்.

நேரத்தைக் குறித்துவை என்று நான் சொல்வதை அலட்சியப்படுத்தாதே. வேல்ஸ் நாட்டில் அபர்ஹோசன் என்று ஒரு சின்னக் கிராமம். தினமும் காலை ஏழு மணிக்கு ஊர் மொத்தத்துக்கும் பிராட்பேண்ட் போய்விடும். 18 மாதம் இப்படியே. கேபிளைக்கூட மாற்றிப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அலைகளைக் காட்டும் கருவியைத் தூக்கிக்கொண்டு, 2020-இல், இன்ஜினியர்கள் விடியற்காலையில் தெருத் தெருவாக நடந்தார்கள். ஏழு மணிக்குக் கருவி துள்ளியது. ஒரு வீட்டில் பழைய டிவி. வீட்டுக்காரர் காலையில் எழுந்ததும் அதைப் போடுவார். அதிலிருந்து கிளம்பிய மின் இரைச்சல் ஊர் லைனையே கெடுத்தது. பாவம், அவர் வெட்கப்பட்டு இனிமேல் போடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். ஏழு மணி என்ற ஒரே தகவல்தான் அங்கே துப்பு. ஃபைபரில் இந்த மாதிரி வராது, அது செம்புக் கம்பிக் காலத்துத் தொல்லை. ஆனால் வைஃபைக்கு வரும்.

இவ்வளவும் பார்த்து, படுக்கையறைக்கு இன்னும் எட்டவில்லையென்றால் ரிப்பீட்டர் வாங்காதே. மலிவானவை கேட்பதும் சொல்வதும் ஒரே ரேடியோவில்தான், வேகம் பாதியாகும். லேன் கேபிள் ஒன்றை இழுத்து அங்கே ஒரு சின்னப் பெட்டி வைப்பதுதான் சரி. ஓனரிடம் சுவர் துளைக்கச் சம்மதம் கேட்க வேண்டியிருக்கும்; அதற்கு உன் வாய் போதும்.

இங்கே எல்லாரும் சுகம். கமலாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும் ஆகாது. காவிரியில் தண்ணீர் போகிறது, சம்பா நட்டாயிற்று. தை பிறந்ததும் சென்னைக்கு ஒரு கல்யாணத்துக்கு வர வேண்டியிருக்கிறது. உன் வீட்டில் இரண்டு நாள் தங்குவதாகத் தங்கச்சியிடம் சொல்லிவை. மீட்டரும் பல்பும் பையில் இருக்கும். அதற்குள் போகிற நேரம், விளக்கின் நிறம், அப்டைம் மூன்றையும் காலண்டர் தாளில் குறித்து எனக்கு எழுது. டைமரை இன்றைக்கே கழற்றிவிடு.

அன்புடன்,
வைத்தி

பி.கு.: ரவுட்டர் பக்கத்துக்குள் போக இன்னும் அடியில் ஒட்டிய பாஸ்வேர்டையே வைத்திருந்தால் மாற்று. பாஸ்வேர்ட் அடிக்காமலே வைஃபையில் சேர வழிவிடும் டபிள்யூபிஎஸ்ஸையும் அணைத்துவிடு. பக்கத்து ஃபிளாட்டுப் பையன் கெட்டிக்காரன் என்று நீதான் எழுதியிருந்தாய்.